எடை மேடையில் மறைந்த விண்டோ: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு பட்டனை அழுத்தினால் இரண்டாவது விண்டோ திறக்க வேண்டும். டெஸ்க்டாப் நிரல் எழுதக் கற்பவர்கள் முதல் வாரத்திலேயே செய்து பார்க்கிற வேலை இது. மூன்று வரியில் முடிந்துவிடும். அந்த மூன்று வரி ஓர் அரிசி ஆலையின் எடை மேடையில் 900 கிலோ நெல்லுக்குத் தகராறாக வளர்ந்த கதையை இங்கே பதிகிறேன். ஆலைக்கும் ஆட்களுக்கும் பெயர் இல்லை. நிரலை எழுதியவர் படித்துப் பார்த்து, போடலாம் என்று சொன்ன பிறகே வெளியிடுகிறேன்.

சூழல்

இடம் கொங்குப் பகுதி. ஆலையின் வாசலிலேயே எடை மேடை. அங்கே எல்லோருக்கும் அது வே பிரிட்ஜ். ஆலைக்கு நெல் கொண்டுவரும் லாரிகள் போக, தேங்காய், மக்காச்சோளம், பழைய இரும்பு ஏற்றிய வெளி வண்டிகளும் காசு கொடுத்து எடை போட்டுக்கொண்டு போகும். மேடைக்கு அடியில் எடையை உணரும் லோடு செல்கள். அவற்றின் கம்பிகள் பக்கத்து அறையில் இருக்கும் இண்டிகேட்டருக்கு வருகின்றன. சிவப்பு எண்களில் எடையைக் காட்டும் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு சீரியல் கேபிள் புறப்பட்டு, யூஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகக் கம்ப்யூட்டரில் காம் 3 என்ற போர்ட்டாக முடிகிறது.

நெல் லாரிக்கு இரண்டு எடை. பாரத்தோடு ஏறும்போது முதல் எடை, இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வரும்போது இரண்டாம் எடை. கழித்து வருவது நிகர எடை, பணம் அதற்குத்தான். இரண்டு எடைக்கும் நடுவே 2 மணி நேரமும் ஆகலாம், அறுவடை நெருக்கடியில் 6 மணி நேரமும் ஆகலாம். அதற்குள் வேறு பத்து வண்டி ஏறி இறங்கிவிடும்.

நிரலை எழுதியவர் தனியாகத் தொழில் செய்யும் இளைஞர். இணையப் பக்கங்கள் எழுதிப் பழகியவர். டெஸ்க்டாப் நிரல் என்று அவர் எழுதியதில் இது இரண்டாவது. சி ஷார்ப் மொழி, விண்டோக்களை அமைக்க விண்டோஸ் ஃபார்ம்ஸ், டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8. பதிவுகள் ஓர் ஆக்சஸ் தரவுத்தளக் கோப்பில். 2023 ஐப்பசியில் நிறுவினார். அப்போது நாளைக்கு 10, 15 வண்டிதான். சாயங்காலம் ஆனால் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார்கள். மார்கழி வரை ஒரு குறையும் வரவில்லை.

நிரலில் முக்கியமான விண்டோக்கள் இரண்டு. முதல் விண்டோவில் முதல் எடைப் பதிவு, கீழே இன்னும் இரண்டாம் எடை போடாத வண்டிகளின் பட்டியல். பட்டியலில் ஒரு வண்டியைத் தேர்ந்து ‘இரண்டாம் எடை’ என்ற பட்டனை அழுத்தினால் முதல் விண்டோ போய் இரண்டாவது வரும். அதில் எடையைச் சேமித்துச் சீட்டு அச்சடித்ததும் மறுபடி முதல் விண்டோ. பார்ப்பதற்கு ஒரு குறையும் தெரியாது.

தை மாதத்துப் புகார்கள்

2024 தையில் சம்பா வரத்து தொடங்கியதும் வண்டி நாளைக்கு 50, 55 ஆனது. இரவிலும் இறக்கினார்கள். எடை அறையில் இரண்டு ஷிப்ட், கம்ப்யூட்டரை யாரும் அணைப்பதில்லை. முதல் வாரத்திலேயே மூன்று வகைப் புகார்கள் வந்தன.

ஒன்று, சில சமயம் எடைப் பெட்டியில் எடை வருவதில்லை, இண்டிகேட்டரில் மட்டும் எண் ஓடுகிறது. இரண்டு, காலையில் சுறுசுறுப்பாக இருக்கும் நிரல் சாயங்காலத்துக்குள் தட்டச்சு செய்த எழுத்தே தாமதமாகத் தெரியும் அளவுக்கு மந்தமாகிறது. மூன்று, இரண்டு நாள் ஓடி, மூன்றாம் நாள் ஏதோ ஆங்கிலப் பிழைச் செய்தியோடு நின்றுவிடுகிறது.

மூன்றையும் தனித்தனிக் கோளாறாகவே எல்லோரும் பார்த்தார்கள். முதல் புகாருக்குக் கேபிளைச் சந்தேகித்தார்கள். யூஎஸ்பி கன்வெர்ட்டரை மாற்றினார்கள். இண்டிகேட்டர் கம்பெனி ஆளை வரவழைத்துச் சோதித்தார்கள். அவர் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இரண்டாவதற்குக் கம்ப்யூட்டர் பழசு என்று காரணம் சொல்லப்பட்டது. மூன்றாவதற்கு வைரஸ்.

எடை வராதபோது செய்ய வேண்டியது என்று எழுதப்படாத ஒரு வழக்கம் அமைந்துவிட்டது: கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவது, வண்டி வரிசையில் நின்றால் இண்டிகேட்டரைப் பார்த்துக் கையால் அடிப்பது. கையால் அடிக்க நிரல் இடம் கொடுத்திருந்தது. கையால் அடித்ததென்று சீட்டில் எந்த அடையாளமும் வராது.

17,640 கிலோ

தை கடைசி வாரம், மத்தியான நேரம். ஒரு நெல் லாரியின் முதல் எடை 17,640. எடைப் பெட்டி காலியாக இருந்ததால் பொறுப்பில் இருந்த பெண் கையால் அடித்தார். விழுந்தது 16,740. வண்டி இறக்கிவிட்டு வந்தபோது போர்ட் வேலை செய்தது. வெறும் எடை 6,920 சரியாகப் பதிவானது. சீட்டில் நிகர எடை 9,820. இருக்க வேண்டியது 10,720.

வியாபாரி சீட்டை வாங்கிய இடத்திலேயே மறுத்தார். 178 மூட்டை ஏற்றியிருக்கிறேன், மூட்டைக்கு 60 கிலோ பிடித்தாலே பத்தரை டன்னுக்கு மேல் வரும் என்றார். ஏற்றிய ஊரில் போட்ட எடைச் சீட்டும் டிரைவரிடம் இருந்தது: 17,660. வழியில் எரிந்த டீசலுக்கு 20 கிலோ குறைவது சரிதான். குவின்டால் 2,300 ரூபாய்க் கணக்கில் வித்தியாசம் 20,700 ரூபாய். ஆலை முதலாளி அன்றே கணக்கைத் திருத்திக் கொடுத்துவிட்டார். ஆனால், இதற்கு முன்னால் இப்படி எத்தனை சீட்டு போயிருக்கும் என்று அங்கே நின்றிருந்த ஒருவர் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. கைப்பதிவுக்குத் தனி அடையாளம் இல்லாததால் இன்றும் இல்லை.

போனில் நான் சொன்ன தவறான யோசனை

அன்று இரவு அந்த இளைஞர் என்னை அழைத்தார். சில சமயம் நிரல் இரண்டு முறை திறந்திருக்கிறது போலிருக்கிறது, அப்போதுதான் போர்ட் கிடைப்பதில்லை என்றார். ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறந்து வைத்திருக்க முடியும். இரண்டாவதாகக் கேட்பவருக்கு அனுமதி மறுப்பு என்ற பிழைதான் வரும். எனவே, ஒரு மியூடெக்ஸ் (ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டு) வைத்து ஏற்கெனவே ஓடினால் இரண்டாவது முறை திறக்க விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் நிலைமை மோசமானது. நிரல் ‘ஏற்கெனவே ஓடுகிறது’ என்று சொல்லித் திறக்க மறுத்தது. திரையிலோ, கீழ்ப்பட்டையிலோ அப்படி எதுவும் ஓடுவதாகத் தெரியவில்லை. முந்தைய நாள் வரை எடை வராவிட்டாலும் கையால் அடித்துச் சீட்டாவது கொடுக்க முடிந்தது. இப்போது அதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டியதாயிற்று. இடத்தைப் பார்க்காமல் மருந்து சொன்னது என் பிழை. அந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன்.

போய்ப் பார்த்தபோது

நிரலைப் பார்ப்பதற்கு முன் எடை அறைப் பெண்ணிடம், எடை வராமல் போவதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பதில் ஒரே வாக்கியத்தில் வந்தது.

“தப்பான வண்டியத் தொட்டுட்டா திரும்பிப் போக வழியில்லீங்க சார். எக்ஸ அமுத்துவேன், எல்லாமே போயிரும். மறுக்கா வெளிய இருந்து தொறந்தா எடை வராதுங்க.”

கன்வெர்ட்டரை மாற்றுவதற்கு முன் யாராவது இவரிடம் இதைக் கேட்டிருக்கலாம்.

அதையே செய்து காட்டச் சொன்னேன். பட்டியலில் ஒரு வண்டி, இரண்டாம் எடை பட்டன், புது விண்டோ, மூலையில் எக்ஸ். திரை வெறிச்சென்று ஆனது. ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் நிரல் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது. ஆள் கண்ணில் படாமல், காம் 3 போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு.

அடுத்து, மந்தமாவதைப் பார்க்க வேண்டியிருந்தது. டாஸ்க் மேனேஜரின் விவரப் பகுதியில் யூசர் ஆப்ஜெக்ட்ஸ் என்றொரு பத்தியைச் சேர்க்கலாம்; பலர் அதைப் பார்த்ததே இல்லை. ஒரு நிரல் விண்டோஸிடம் வாங்கி வைத்திருக்கும் விண்டோ, மெனு போன்றவற்றின் எண்ணிக்கை அது. விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஒவ்வொரு பட்டனும், எழுத்துப் பெட்டியும், லேபிளும்கூட விண்டோஸின் கண்ணில் ஒரு விண்டோதான். வண்டிகளை வழக்கம்போல எடை போடச் சொல்லி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் எடை முடியும் ஒவ்வொரு முறையும் 60க்குக் கொஞ்சம் மேல் கூடியது. ஒருமுறைகூட இறங்கவில்லை.

ஒரு நிரலுக்கு விண்டோஸ் வழக்கமாக அனுமதிக்கும் யூசர் ஆப்ஜெக்ட் எண்ணிக்கை 10,000. வண்டிக்கு 60 சொச்சம் என்றால் 160 வண்டியில் தீர்ந்துவிடும். நாளைக்கு 55 வண்டி. மூன்றாம் நாள் சாயங்காலம் நிற்பதற்கு வைரஸ் எதுவும் வேண்டியதில்லை. விண்டோ கைப்பிடி (ஒவ்வொரு விண்டோவுக்கும் விண்டோஸ் தரும் அடையாளம்) உருவாக்க முடியவில்லை என்பதைத்தான் அந்த ஆங்கிலச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பகல் ஷிப்டில் எக்ஸை அழுத்திப் போர்ட்டைச் சிக்க வைத்துக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்ட நாட்களில் இந்த எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. எக்ஸையே தொடாமல் ஒழுங்காக வேலை செய்த நாட்களில்தான் மூன்றாம் நாள் நின்றது. இரண்டு கோளாறுகள் மாறி மாறி ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டிருந்தன.

மூன்று வரிகள்

விண்டோஸ் ஃபார்ம்ஸில் விண்டோவுக்குப் பெயர் ஃபார்ம். இங்கே முதல் விண்டோ ஃபார்ம்1, இரண்டாவது ஃபார்ம்2. இரண்டாம் எடை பட்டனுக்குள் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: போர்ட்டை மூடு, புது ஃபார்ம்2 ஒன்றை உருவாக்கிக் காட்டு, என்னை மறைத்துக்கொள். ஃபார்ம்2 சேமித்து முடிந்ததும்: போர்ட்டை மூடு, புது ஃபார்ம்1 ஒன்றை உருவாக்கிக் காட்டு, என்னை மூடு.

படிக்கும்போது நியாயமாகவே தெரிகிறது. இணையத்திலிருந்து வருகிறவருக்கு இன்னும் நியாயமாகத் தெரியும். அங்கே பட்டனை அழுத்தினால் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகிறோம், பழைய பக்கத்தைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் அப்படிப் போவது என்று ஒன்று கிடையாது. பழைய விண்டோ அங்கேயே இருக்கிறது. அதை மறைத்தோமா, மூடினோமா, புதிய விண்டோவை யார் கையில் வைத்திருக்கிறார்கள், அது மூடும்போது யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எழுதுகிறவர் முடிவு செய்ய வேண்டியவை. இரண்டாவது விண்டோவைத் திறப்பதில் இருக்கும் வேலையே அதுதான். திறக்கிற வரி அதில் அற்பம்.

இந்த நிரலில் நடந்தது இது. சி ஷார்ப் விண்டோஸ் ஃபார்ம்ஸ் திட்டம் தொடங்கும்போது ஒரு ஃபார்மைக் கொடுத்து நிரலை ஓட்டச் சொல்கிறோம். அதுதான் தலைமை ஃபார்ம். அது மூடினால்தான் நிரல் முடியும். மறைத்தால் முடியாது. முதல் வண்டியின் இரண்டாம் எடையிலேயே தலைமை ஃபார்ம் மறைக்கப்பட்டது. அதன்பின் அதை யாரும் கூப்பிடவே இல்லை. திரும்பி வந்ததாகத் தெரிந்தது வேறொரு ஃபார்ம்1, அச்சு அசலான நகல். அடுத்த வண்டிக்கு அந்த நகலும் மறைந்து இன்னொரு நகல் வரும். மறைந்தவை எதுவும் அழியவில்லை. நிரலின் திறந்த ஃபார்ம் பட்டியலில் எல்லாமே உட்கார்ந்திருந்தன, தங்கள் அறுபது அறுபது பட்டன், பெட்டி, லேபிள்களோடு.

மந்தமானதற்கும் இதே காரணம். ஃபார்ம்1இல் ஒரு டைமர், 5 விநாடிக்கு ஒரு முறை ஆக்சஸ் கோப்பிலிருந்து நிலுவை வண்டிப் பட்டியலைப் புதுப்பிக்கும். ஃபார்மை மறைத்தாலும் டைமர் நிற்காது. 40 வண்டி முடிந்தபின் 40 மறைந்த ஃபார்ம்கள், விநாடிக்கு 8 முறை அதே கேள்வியை அதே கோப்பிடம் கேட்டுக்கொண்டிருந்தன. அதுவும் திரையை வரைகிற அதே த்ரெட்டில், அதாவது நிரலுக்குள் ஓடும் அதே வேலை வரிசையில்.

போர்ட் சிக்கியதற்கு இன்னொரு கண்ணி. சீரியல் போர்ட்டை ஃபார்மின் மேல் இழுத்துப் போட்டிருந்தால், ஃபார்ம் அழியும்போது அதுவும் சேர்ந்து மூடியிருக்கும். இவர் குறிமுறையில் தனியாக உருவாக்கியிருந்தார். ஃபார்ம்1 மூடும் நிகழ்வில் போர்ட்டை மூட எழுதியவர், ஃபார்ம்2இல் சேமிக்கும் வழியில் மட்டுமே எழுதினார். எக்ஸ் வழியே போனால் போர்ட் மூடாது. அடுத்து நிரலைத் திறந்தபோது வந்த அனுமதி மறுப்புப் பிழையை, உள்ளே ஒன்றும் எழுதாத ஒரு கேட்ச் (பிழை வந்தால் பிடிக்கும் பகுதி) விழுங்கியது. இந்த நிகழ்வில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இந்த வெற்றுக் கேட்ச்சைப் பார்த்துத்தான். ஒரு வரிச் செய்தி காட்டியிருந்தால் கன்வெர்ட்டர் மாற்றும் செலவும் அலைச்சலும் மிஞ்சியிருக்கும்.

“வீடியோல எல்லாம் இப்படித்தாண்ணா சொல்லித் தர்றாங்க” என்றார் நிரலை எழுதிய தம்பி. பொய் இல்லை. லாகின் விண்டோவிலிருந்து முதன்மை விண்டோவுக்குப் போகும் பாடங்களில் இந்த மறை, காட்டு முறைதான் நிறைய. பாடம் அங்கேயே முடிந்துவிடுவதால் திரும்பி வரும் வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விஷுவல் பேசிக் 6 காலத்தில் நாங்களும் அன்லோடு செய்யாமல் ஹைட் செய்துவிட்டு, மூடியும் சாகாத நிரல்களோடு மல்லுக்கட்டியவர்கள்தான். அங்கே ஃபார்மின் பெயரைச் சொன்னாலே எப்போதும் அதே ஒரு விண்டோ வந்து நின்றதால் நகல் பெருகும் கொடுமை மட்டும் குறைவு.

எடுத்த முடிவுகள்

அறுவடை நடுவில் நிரலைப் புரட்டிப் போடுவதில்லை என்பது முதல் முடிவு. வண்டி வாசலில் நிற்கும்போது புதுப் பிழைகளுக்கு இடம் கொடுக்க முடியாது. எனவே, அன்று சாயங்காலமே செய்யக் கூடியது, பிறகு பொறுமையாகச் செய்ய வேண்டியது என்று பிரித்தோம்.

அன்று செய்தவை சிறியவை. மியூடெக்ஸை எடுத்துவிட்டோம். ஃபார்ம்2 உருவாகும்போதே, தன்னைத் திறந்த ஃபார்ம்1 எது என்பதை வாங்கி வைத்துக்கொள்ளும்படி மாற்றினோம். ஃபார்ம்2 எந்த வழியில் மூடினாலும், சேமித்தாலும் சரி, எக்ஸை அழுத்தினாலும் சரி, மூடிய நிகழ்வில் போர்ட்டை விட்டுவிட்டு அதே பழைய ஃபார்ம்1ஐக் காட்டும். புது ஃபார்ம்1 உருவாக்கும் வரியை அழித்தோம். வெற்றுக் கேட்ச்சில் ‘போர்ட் திறக்கவில்லை’ என்று சிவப்பு எழுத்தில் காட்டச் செய்தோம். கையால் அடித்த எடைக்குச் சீட்டிலும் பதிவிலும் ‘கைப்பதிவு’ என்று வரும்படி வைத்தோம். மொத்தம் 20 வரிக்குள். எண்ணிக்கை கூடுவது அன்றே நின்றது.

நிரலின் ஷட்டவுன் முறையை ‘கடைசி ஃபார்ம் மூடினால்’ என்று மாற்றிவிட முடியாதா என்று தம்பி கேட்டார். விஷுவல் பேசிக் டாட்நெட் திட்டங்களில் அப்படியொரு தேர்வு இருக்கிறது, சி ஷார்ப்பில் நாமே எழுத வேண்டும். எழுதினாலும் பயனில்லை, மறைந்திருக்கும் ஃபார்மும் திறந்த ஃபார்ம்தானே. ஃபார்ம்2ஐ மூடினால் நிரலையே முடித்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது. தப்பான வண்டியைத் தொட்டதற்குத் தண்டனையாக நிரல் மூடுவது எடை அறையில் இருப்பவருக்கு என்ன உதவி? விட்டுவிட்டோம்.

பொறுமையாகச் செய்ய வேண்டியதில் பெரிய கேள்வி: முதல் விண்டோவை மறைக்கவே வேண்டுமா? இரண்டாம் எடை போடும்போது பட்டியல் கண்ணில் படாமல் இருப்பதுதான் தப்பான வண்டியைத் தொட ஒரு காரணம் என்று எடை அறைப் பெண் சொன்னார். ஆகவே, முதல் விண்டோ எப்போதும் திரையில் இருக்கட்டும், இரண்டாவது அதன் மேல் உரையாடல் பெட்டியாகத் திறக்கட்டும் என்று முடிவானது. ஷோ என்பதற்குப் பதில் ஷோடயலாக். அது திறந்திருக்கும் வரை பின்னால் உள்ள விண்டோ கையை மடக்கிக்கொண்டு நிற்கும், அதே பட்டனை இரண்டு முறை தட்டி இரண்டு விண்டோ திறக்கவும் வழியில்லை. மூடியதும் சேமித்தாரா, விட்டாரா என்ற விடை திறந்த இடத்துக்கே திரும்பி வரும். விட்டுவிட்டு வருவதற்கு ‘திரும்பு’ என்று ஒரு பட்டனும் வைத்தோம்.

ஒரு நுணுக்கம் இங்கே உண்டு. ஷோ முறையில் திறந்த ஃபார்ம் மூடும்போது தானாகவே டிஸ்போஸ் (வாங்கி வைத்தவற்றைத் திருப்பிக் கொடுத்து அழிவது) ஆகிவிடும். ஷோடயலாக் முறையில் ஆகாது, மூடிய பிறகும் அதன் பெட்டிகளில் இருக்கும் மதிப்புகளை நாம் படிக்கலாம். படித்து முடித்ததும் டிஸ்போஸ் செய்வது நம் பொறுப்பு. யூசிங் என்ற சொல்லுக்குள் அந்த ஃபார்மை உருவாக்கினால் மறக்க வாய்ப்பில்லை.

இதை அன்றே செய்யாததற்குக் காரணம் போர்ட். இரண்டு ஃபார்மும் ஆளுக்கொரு முறை அதைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. முதல் விண்டோ திரையில் இருந்து போர்ட்டைப் பிடித்திருந்தால் இரண்டாவதற்குக் கிடைக்காது, ஒரே நிரல் என்றாலும் விண்டோஸ் போர்ட்டை இரண்டு பேருக்குக் கொடுக்காது. எனவே, போர்ட்டை எந்த விண்டோவின் பொறுப்பிலும் விடாமல் நிரலுக்குள் தனி வகுப்பாக (கிளாஸ்) எழுத வேண்டியிருந்தது. நிரல் தொடங்கும்போது ஒரு முறை திறக்கும், முடியும்போது ஒரு முறை மூடும். எடை வேண்டிய விண்டோ அதனிடம் பதிவு செய்துகொள்ளும், மூடும்போது பதிவை நீக்கிக்கொள்ளும். நீக்க மறந்தால் மூடிய ஃபார்மை அந்த வகுப்பு பிடித்து வைத்துக்கொண்டிருக்கும், பழைய கதை வேறு வேடத்தில் திரும்பும்.

அறிக்கை விண்டோவுக்கு மட்டும் வேறு முடிவு. வண்டி மேடையில் நிற்கும்போதே போன வாரச் சீட்டைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். அதை உரையாடல் பெட்டியாக வைத்தால் எடை போடும் வேலை நின்றுவிடும். ஆகவே, அது ஷோ முறையில், முதல் விண்டோவை உரிமையாளராகக் கொண்டு திறக்கும். முதல் விண்டோவைச் சுருக்கினால் அதுவும் கூடவே சுருங்கும். பட்டனை மறுபடி அழுத்தினால் புதிதாக ஒன்று திறக்காமல், ஏற்கெனவே திறந்திருப்பது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து அதையே முன்னால் கொண்டுவரும். டிஸ்போஸ் ஆனதைக் காட்டச் சொன்னால் பிழை வரும் என்பதால் அந்தப் பார்வை கட்டாயம்.

சோதனையில் ஓர் உறைவு

ஆலையில் சோதிக்க முடியாது என்பதால் பழைய லேப்டாப் ஒன்றை, இரண்டு கம்ப்யூட்டரை நேரடியாகச் சேர்க்கும் நல் மோடம் (null modem) கேபிளில் இணைத்து, இண்டிகேட்டர் மாதிரி எண்களை இடைவிடாமல் அனுப்ப வைத்தோம். மூன்று வாரம் என் வீட்டு மேசையில் லாரிகள் ஏறி இறங்கின.

எடையெல்லாம் ஒழுங்காக வந்தது. நிரலை மூடும்போது மட்டும் நாலைந்து முறைக்கு ஒரு முறை அப்படியே உறைந்தது. சீரியல் போர்ட்டில் தரவு வந்ததாகச் சொல்லும் நிகழ்வு திரை த்ரெட்டில் நடப்பதில்லை, தனி த்ரெட்டில் நடக்கிறது. எடையைத் திரையில் எழுத அது இன்வோக் மூலம் திரை த்ரெட்டைக் கூப்பிட்டு, எழுதி முடியும் வரை காத்திருந்தது. அதே நேரத்தில் திரை த்ரெட் போர்ட்டை மூடச் சொல்லிவிட்டு, அந்த நிகழ்வு முடியட்டும் என்று காத்திருந்தது. ஒருவர் வாசலில், ஒருவர் திண்ணையில், இருவரும் மற்றவர் முதலில் போகட்டும் என்று நின்றார்கள். இன்வோக்கை பிகின்இன்வோக் ஆக மாற்றினோம். அது சொல்லிவிட்டுக் காத்திருக்காமல் போய்விடும். பதிலுக்கு, சொன்ன செய்தி வந்து சேரும்போது விண்டோவே இல்லாமல் போயிருக்கலாம் என்பதால், இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுத வேண்டியதாயிற்று.

நேராகப் புது வடிவத்தை ஆலையில் நிறுவியிருந்தால் இந்த உறைவு நள்ளிரவு ஷிப்டில்தான் வெளிப்பட்டிருக்கும்.

பிறகு

மாசிக் கடைசியில் புது வடிவம் ஏறியது. முதல் நான்கு நாளும் எடை அறைப் பெண்ணே டாஸ்க் மேனேஜரைத் திறந்து யூசர் ஆப்ஜெக்ட்ஸ் எண்ணைச் சீட்டின் பின்புறம் எழுதி வைத்தார். இரண்டாவது விண்டோ திறக்கும்போது ஏறும், மூடும்போது பழைய இடத்துக்கே இறங்கும். அந்தப் பருவத்தில் நிரல் நிற்கவில்லை. மந்தமாகிறது என்ற பேச்சும் வரவில்லை.

எடை வராத சம்பவம் இரண்டு முறை நடந்தது. ஒரு முறை கன்வெர்ட்டரை வேறு துளையில் செருகியதால் காம் 3 என்பது காம் 5 ஆகிவிட்டது. இன்னொரு முறை எலி கேபிளைக் கடித்திருந்தது. இரண்டு முறையும் சிவப்பு எழுத்துச் செய்தி வந்தது, அப்போது போட்ட சீட்டுகளில் கைப்பதிவு என்று அச்சானது.

மறுபடி செய்தால்

போனில் மருந்து சொல்ல மாட்டேன். நிரல் இரண்டு முறை திறந்திருக்கிறது என்று கேட்டதும், ஏன் அவர் இரண்டாவது முறை திறந்தார் என்று கேட்டிருக்க வேண்டும். மியூடெக்ஸ் தப்பான கருவி இல்லை. புது வடிவத்தில் அதை மறுபடி வைத்தோம். இப்போது இரண்டாவது முறை திறந்தால், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோ முன்னால் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒரு விண்டோ எப்போதும் உண்டு என்ற உறுதி வந்த பிறகுதான் அதற்கு இடம் உண்டு.

தம்பி தன் பக்கத்தில் ஒன்றை மாற்றிக்கொண்டார். புது விண்டோ எழுதும்போது முதலில் அதை எக்ஸால் மூடிப் பார்க்கிறார், அதற்குப் பிறகுதான் பட்டன்களைத் தொடுகிறார். ஐப்பசியில் நிறுவியபோது நாளைக்குப் பத்து வண்டி என்ற கணக்கில் சோதித்ததும் போதாது. 200 வண்டியை வரிசையாக ஓட்டிப் பார்த்திருந்தால் மார்கழிக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று அவரே சொன்னார். அவருடைய முதல் டெஸ்க்டாப் நிரல், ஒரு மருந்துக் கடையின் இருப்புக் கணக்கு, இன்னும் அதே மறை, காட்டு முறையில்தான் ஓடுகிறது. ராத்திரி கம்ப்யூட்டரை அணைக்கிற கடை என்பதால் இதுவரை வெளியே தெரியவில்லை. அதைத் திருத்தப் போகிறார்.

சீட்டில் கைப்பதிவு என்று வருவது பார்க்க நன்றாக இல்லை, வியாபாரிகள் கேள்வி கேட்கிறார்கள், எடுத்துவிடுங்கள் என்று ஆலை முதலாளி சித்திரையில் கேட்டார். எடுக்கவில்லை. எழுத்தை மட்டும் கொஞ்சம் சிறிதாக்கிக் கொடுத்தோம்.